அளந்த கணக்கு யாருடைய கையில் இருக்கிறது? திருகோணமலைக் கிராமங்களில் பழகிய சில விஷயங்கள்

திருகோணமலையில் பட்டினத்தை விட்டு வெளியே எந்தக் கிராமத்துக்குப் போய்த் தண்ணீரைப் பற்றியோ தூசியைப் பற்றியோ கதைக்கத் தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி வரும். "முந்தியும் வந்து போத்தலில தண்ணி அள்ளிக்கொண்டு போனவை தம்பி, அந்த ரிசல்ட் என்ன ஆச்சு?" பெரும்பாலும் வயதான அம்மா ஒருவர்தான் கேட்பார். ஆய்வுக்கென்று படிக்கிற பிள்ளைகள் வந்திருப்பார்கள், ஏதோ ஒரு திட்டத்தின் ஆட்கள் வந்திருப்பார்கள், படிவம் நிரப்பியிருப்பார்கள், கிணற்றடியில் நின்று படமும் எடுத்திருப்பார்கள். முடிவு மட்டும் ஊருக்குத் திரும்பி வந்திருக்காது. நான் சில காலம் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன், அதன் பிறகு இந்தப் பக்கத்துக் கிராமச் சங்கங்களுக்கு என்னால் ஆன உதவியைச் செய்து வருகிறேன். இந்த வேலையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். அளந்த எண் ஊர்க்காரரின் கைக்கு, அவர்கள் வாசிக்கக்கூடிய தாளில், ஒரு அதிகாரி பதில் சொல்லியே ஆகவேண்டிய வடிவத்தில் வந்து சேரும் வரைக்கும் அந்த உதவி அரைகுறைதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். குழாய்த் தண்ணீர் வருகிற ஊரும், கிணற்றை விட்டால் வேறு வழியில்லாத ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. யுத்தம், 2004 சுனாமி, 2006இல் மூதூர் கிழக்கில் நடந்த இடப்பெயர்வு எல்லாம் சேர்ந்து யார் எங்கே குடியிருப்பது என்பதையே மாற்றிவிட்டன. திரும்பி வந்த பல குடும்பங்களுக்குக் கிடைத்தது சின்னக் காணித்துண்டு, அதற்குள்தான் வீடும் கிணறும் மலசலகூடக் குழியும். இதில் வீட்டுக்காரரின் கவனக்குறைவு எதுவும் இல்லை, இடம் அவ்வளவுதான். வசதி உள்ளவர் வடிகட்டிய தண்ணீரைக் கானில் வாங்கிக்கொள்வார், நாட்கூலிக்குப் போகிறவர் கிணற்றைத்தான் குடிப்பார். குப்பை கொட்டுகிற இடமும் புகைபோக்கியும்கூட அப்படித்தான், எதிர்த்துக் கடிதம் எழுத ஆள் இல்லாத பக்கமாகப் பார்த்துத்தான் வந்து நிற்கும். நோய் எல்லாருக்கும் வரலாம், ஆனால் நோய்க்கான காரணம் எல்லார் வளவுக்குள்ளும் ஒரே அளவில் இருப்பதில்லை. தொழில்நுட்ப உதவி என்று நாங்கள் சொல்வது இந்த இடைவெளியில் நிற்கிற வேலை.

சரி, கிணற்றிலிருந்து தொடங்குகிறேன். குச்சவெளிக் கரையோரம் ஒரு குடியிருப்பு. முழுக்க மணல் நிலம், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். மழைநீர் கீழே இறங்கி, கடல் உப்புநீரின் மேலே மெல்லிய படையாக மிதக்கிறது, அந்தப் படையைத்தான் சனம் அள்ளிக் குடிக்கிறது. மேலே விழுகிற எதையும் மணல் தடுத்து வைக்காது, வெங்காயத் தோட்டத்து யூரியாவும் குழித் தண்ணீரும் நேரே கீழே போய்ச் சேரும். அங்கே மாதர் சங்கத்து அக்காமார் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளையளுக்கு மாறி மாறி வயித்தாலை போகுது, தண்ணியாலயா?"

அந்தக் கேள்வியை அப்படியே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தோம். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். வெளியிலிருந்து வருகிறவர் தன்னிடம் எந்தக் கருவி இருக்கிறதோ அதற்கேற்ற கேள்வியைத்தான் ஊருக்குள் கொண்டு வருவார். பாரஉலோகம் அளக்கிற ஆள் பாரஉலோகம் தேடுவார், ஊர் வயிற்றோட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கும். ஊரின் கேள்வி முதல் பக்கத்தில் இருந்தால், எந்தச் சோதனைக்குக் காசு செலவழிக்கலாம், எது தேவையில்லை என்பதை அந்தப் பக்கத்தைக் காட்டியே முடிவு செய்யலாம்.

போத்தலை எடுக்குமுன் ஒரு நாள் முழுக்கக் கிணறு கிணறாக நடந்தோம். உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று ஒரு படிவம் வைத்திருக்கிறது, ஆம் இல்லை என்று பதில் சொல்கிற சில கேள்விகள். பக்கத்தில் மலசலகூடம் இருக்கிறதா, அது கிணற்றை விட மேட்டில் இருக்கிறதா, கட்டு வெடித்திருக்கிறதா, சுற்றிவர சீமெந்துத் தளம் இருக்கிறதா, சிந்துகிற தண்ணீர் வழிந்தோட வழியிருக்கிறதா, வாளியும் கயிறும் நிலத்தில் கிடக்கின்றனவா என்று போகும். அதைத் தமிழில் எழுதி, அக்காமாரே நிரப்பினார்கள். தூரத்தை அளக்க முடிச்சுப் போட்ட கயிறு போதும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி வேண்டும் என்று பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) சொல்லுவார்கள், அங்கே பல வளவில் அதில் பாதிகூட இல்லை. மணலில் 50 அடியும் போதாமல் போகலாம். இந்தச் சுற்று முடிந்தபோது எந்தக் கிணறு மோசமாக இருக்கும் என்று அவர்களே வரிசைப்படுத்திவிட்டார்கள், பிறகு ஆய்வுகூடத்து முடிவு வந்தபோது அந்த வரிசை பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு எச்.டூ.எஸ். போத்தல், அதாவது கிருமி விடுகிற ஐதரசன் சல்பைட்டு வாயுவைக் காட்டுகிற சோதனை. மருந்து தோய்த்த தாள் உள்ளே இருக்கும், தண்ணீரை ஊற்றி மூடி வீட்டுச் சூட்டிலேயே வைத்தால், மலக் கலப்பு இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுக்கும். இதன் பலம் மலிவும் கண்ணுக்குத் தெரிகிற கறுப்பும். தங்கள் கிணற்றுத் தண்ணீர் சமையலறைத் தட்டில் இருந்தபடியே கறுப்பாவதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படுவதில்லை. ஆனால் இது முதல்கட்டச் சல்லடை மட்டுமே. இயற்கையாகவே அந்த வாயு கலந்து அழுகிய முட்டை மணம் அடிக்கிற நிலத்தடி நீர் சுத்தமாக இருந்தாலும் கறுக்கும், இந்தப் போத்தலைக் காட்டி எந்த அலுவலகத்திலும் வழக்குப் பேசவும் ஏலாது. கறுத்த கிணறுகளில் இருந்துதான் ஆய்வுகூடத்துக்கு மாதிரி எடுத்தோம், காசும் மிச்சம்.

மாதிரி எடுப்பதில்தான் அதிகமான வேலை பழுதாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய போத்தலை ஆய்வுகூடத்திலேயே கேட்டு வாங்குங்கள், சோடாப் போத்தலைக் கழுவிக் கொண்டுபோகக் கூடாது. மூடியைக் கழற்றினால் கீழே வைக்கக் கூடாது, உட்பக்கத்தில் விரல் படக் கூடாது. குளோரின் போட்ட தண்ணீர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், குளோரினை முறிக்கிற மருந்து போட்ட போத்தல் தருவார்கள், இல்லாவிட்டால் போகிற வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று தண்ணீர் நல்லது என்று முடிவு வந்துவிடும். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, முடிந்தால் 6 மணித்தியாலத்துக்குள், எப்படியும் 24 மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூதூரின் உட்பகுதியில் இருந்தோ வெருகலில் இருந்தோ பட்டினத்துக்கு வருவதென்றால் எந்த பஸ்ஸில் என்பதை முதல் நாளே பார்த்து வையுங்கள். வெள்ளிக்கிழமை மாதிரி எடுக்காதீர்கள், போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முதல் நாளும் எடுக்காதீர்கள். ஒவ்வொரு போத்தலிலும் கிணற்று இலக்கம், திகதி, நேரம், எடுத்தவர் பெயர். அன்றைக்கு மழை பெய்ததா, கிணறு இறைத்திருந்ததா என்பதையும் கொப்பியில் எழுதுங்கள். பிற்பாடு யாராவது "இது சரியாக எடுக்கப்படவில்லை" என்று தள்ளிவிடப் பார்க்கும்போது அந்தக் கொப்பிதான் பேசும்.

முடிவு வந்தது. பல கிணறுகளில் ஈ.கோலை, மலத்தில் இருந்து வருகிற கிருமி. இலங்கைக் குடிநீர்த் தரநிர்ணயம், எஸ்.எல்.எஸ். 614, குடிநீரில் ஈ.கோலை இருக்கவே கூடாது என்கிறது. சில கிணறுகளில், யூரியாவிலும் குழித் தண்ணீரிலும் இருந்து வருகிற நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு "தண்ணீர் கூடாது, கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவது ஆபத்து. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகிற பொருள் அல்ல, தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அது செறிவாகும், புளோரைட்டும் அப்படியே. புட்டிப்பால் குடிக்கிற சில மாதக் குழந்தைக்கு நைத்திரேற்றுக் கூடிய தண்ணீரில் மாக் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கிற திறன் குறைந்து பிள்ளை நீலம் பாரிக்கலாம். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே எழுதிக் கொடுத்தோம்: இந்தக் கிணறு, கொதிக்க வைத்தால் குடிக்கலாம். இந்தக் கிணறு, குளிக்கக் கழுவ மட்டும், கைக்குழந்தைக்கும் வயிற்றில் பிள்ளை இருக்கிறவருக்கும் வேண்டாம். ஒரு பக்கம், பெரிய எழுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் எல்லை. அவ்வளவுதான்.

அந்தத் தாளை வீட்டுக்குள் வைத்துக் கொடுத்தோம். பொதுக் கூட்டத்தில் கிணற்றுச் சொந்தக்காரரின் பெயரைச் சொல்லி வாசிக்கக் கூடாது. எங்கள் ஊர்களில் கிணறு என்பது வீட்டின் மானம். பெயர் வெளியே போனால் அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்க யோசிப்பார்கள், அடுத்த முறை அவர்கள் வாளியைத் தொட விடமாட்டார்கள். கூட்டத்தில் மொத்தக் கணக்கை மட்டும் சொன்னால் போதும்.

கிணற்றுக்கு குளோரின் போடுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு அது அவசியம், சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனையில் கேட்டால் பி.எச்.ஐ. வந்து அளவு சொல்லுவார். ஆனால் குழி பக்கத்திலேயே இருக்கும்போது இன்றைக்குக் குளோரின் போட்டால் அடுத்த கிழமை பழையபடி ஆகிவிடும். கட்டு உயர்த்துவது, தளம் போடுவது, ஒரே வாளியைத் தொங்கவிட்டு வைப்பது, புதுக் குழியைத் தள்ளித் தோண்டுவது இவைதான் நின்று பிடிக்கும். கடலோரத்தில் இன்னொன்று, கிணற்றைச் சுத்தமாக்குகிறோம் என்று மோட்டரைப் போட்டு அடிமட்டும் இறைக்கக் கூடாது. சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் கீழிருந்த உப்புநீர் மேலேறி வந்தது.

கடைசியில் அந்தக் குடியிருப்பில் பலன் கொடுத்தது எது என்று கேட்டால், மூன்று தாள்களைச் சேர்த்து எழுதிய ஒரு கடிதம் என்பேன். நடந்து பார்த்த படிவங்களின் சுருக்கம், ஆய்வுகூட முடிவு, சங்கத்தின் கோரிக்கை. கோரிக்கை துல்லியமாக இருந்தது: கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு பவுசர் (தாங்கி லொறி) தண்ணீர், பொதுக் கிணறுகளுக்குக் கட்டும் தளமும். "எங்கள் தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்த்துத் தாருங்கள்" என்று எழுதினால் யாருடைய மேசையிலும் அது வேலையாக மாறாது. இதை எந்த அதிகாரி தன் கையெழுத்தால் செய்ய முடியும் என்று பார்த்து அவருக்கு எழுத வேண்டும். பிரதேச சபைக்கு ஒன்று, எம்.ஓ.எச்.சுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் மற்றவருக்குப் பிரதி போகிறது என்று அடியில் எழுதி, கையில் கொடுத்து, எங்கள் பிரதியில் சீல் வாங்கி வந்தார்கள் அக்காமார். பவுசர் வந்தது, கட்டு வேலை தாமதித்துத்தான் வந்தது. குழாய்த் தண்ணீர் இன்னும் வரவில்லை.

இனித் தூசி. தம்பலகாமம் பக்கம் வயலும் குளமுமான ஒரு ஊரில் அரிசி ஆலை ஒன்றின் உமித்தூசி வீடுகளுக்குள் வந்து படிகிறது, பிள்ளைகளுக்கு இழுப்பு, காயப்போட்ட உடுப்பெல்லாம் அழுக்கு என்று கூப்பிட்டார்கள். கிணற்றை விட இது கஷ்டமான வேலை, ஏனென்றால் தூசி நிற்காது. நாங்கள் போகிற நாளில் காற்று மாறி அடிக்கும், ஆலையும் அன்றைக்கு மெதுவாக ஓடும்.

அதனால் கருவியைப் பற்றி யோசிக்குமுன் கலண்டரைக் கொடுத்தோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர், காலை மாலை மூன்று விஷயம் எழுத வேண்டும்: தூசி அல்லது புகை இருந்ததா, காற்று எந்தப் பக்கம், வீட்டில் யாருக்காவது இழுப்பு, இருமல். தமிழ்நாட்டில் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் 2004 முதல் ஊர்க்காரரே மணத்தைப் பதிவு செய்து, வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பி வந்த கதை எனக்குத் தெரிந்திருந்தது, அந்தத் துணிச்சல் எங்களுக்கும் உதவியது. சில மாதப் பதிவு சேர்ந்தபோது ஒரு விஷயம் தெளிவாக விழுந்தது. கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கிற வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் ஆலைக்குக் கிழக்கே உள்ள வீடுகளில்தான் முறைப்பாடு குவிகிறது, வாடைக் காலத்தில் அவர்களுக்குக் குறைகிறது. காற்றோடு சேர்ந்து முறைப்பாடும் திரும்புகிறது என்பதை யாரும் கற்பனை என்று சொல்ல ஏலாது.

அதற்குப் பிறகுதான் மலிவான தூசி உணரிகளை வைத்தோம். இந்தச் சின்னக் கருவிகள் பயனுள்ளவைதான், ஆனால் ஈரப்பதன் கூடினால் நீர்த்துளியையும் தூசி என்று எண்ணிக் கூட்டிக் காட்டும். எங்கள் ஊர் விடியற்காலையில் அது நிச்சயம் நடக்கும். ஆகவே ஒன்றை ஆலைக்குக் காற்று வருகிற பக்கத்திலும் ஒன்றை காற்றுப் போகிற பக்கத்திலும் ஒரே நேரத்தில் வைத்து, இரண்டின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். தனி எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினால் எதிர்ப்பக்கத்து ஆள் ஒரு கேள்வியில் உடைத்துவிடுவார். எல்லை என்று வரும்போது, பி.எம். 2.5 நுண்தூசிக்கு இலங்கையின் 24 மணித்தியால எல்லை கனமீற்றருக்கு 50 மைக்கிரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. இரண்டையும் தாளில் போடுங்கள். சட்டப்படி கேட்கும்போது நாட்டு எல்லையைக் காட்ட வேண்டும், பிள்ளையின் நெஞ்சைப் பற்றிக் கதைக்கும்போது மற்றதையும் சொல்லாமல் விடக் கூடாது.

ஆனாலும் வாசல் திறந்தது வேறு ஒரு தாளால். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இப்படியான தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். தொழிலின் வகையையும் அளவையும் பொறுத்து அதை மத்திய சுற்றாடல் அதிகார சபை கொடுக்கும், சின்னவற்றுக்கு உள்ளூராட்சி சபை கொடுக்கும். அதோடு நிபந்தனைகளும் இருக்கும். அந்த நிபந்தனைகள் என்ன என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கலாம் என்பதும் தெரியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவலறியும் உரிமை ஆணைக்குழு. கேட்கும்போது ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: அனுமதிப்பத்திரத்தின் பிரதி, நிபந்தனைகளின் பிரதி, கடைசியாகச் செய்த பரிசோதனை அறிக்கையின் பிரதி. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் அது விவாதம், தகவல் ஆகாது, சுலபமாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நிபந்தனைத் தாள் கைக்கு வந்தபோது உமி மூடிய இடத்தில் சேர்க்கப்பட வேண்டும் என்பது அதிலேயே இருந்தது. ஊரில் அதுவரை நடந்த சண்டை ஆலையை மூடுவதா வேண்டாமா என்பதுதான், அந்த ஊரின் எத்தனையோ குடும்பத்தின் அடுப்பு அந்த ஆலையால்தான் எரிகிறது, வேலைக்குப் போகிறவர் ஒரு பக்கம், இழுப்பு வந்த பிள்ளையின் தாய் ஒரு பக்கம், சில வீட்டில் இருவரும் ஒரே கூரையின் கீழ். நிபந்தனை கையில் வந்ததும் கதை மாறியது, "மூடு" என்ற சொல் போய் "எழுதியதைச் செய்" என்ற சொல் வந்தது. ஆலையில் வேலை செய்கிறவர்களும் அதில் கையெழுத்து வைத்தார்கள், தூசியை முதலில் விழுங்குகிறவர்கள் அவர்கள்தானே. உமிக்குக் கூரையும் தடுப்பும் வந்தன. இராத்திரி ஓட்டம் இன்னும் தீராத பிரச்சினை. கடைசி வழியாகப் பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது, ஆனால் அயலுக்குள் உறவு முறிகிற பாதை அது, ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். உதவிக்குப் போன நாங்கள் அந்தத் தீர்மானத்தை எடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மொழியையும் சொல்லாமல் விட முடியாது. பதில் கடிதமோ பரிசோதனை அறிக்கையோ சிங்களத்தில் மட்டும் வந்தால், சங்கத் தலைவி அதை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடுவார், கேட்க வெட்கம். அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. ஆகவே தமிழில் தாருங்கள் என்று இரண்டு வரி எழுதி அதே கடிதத்தைத் திருப்பி அனுப்பலாம், யாரோடும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. கந்தளாய், சேருவில பக்கத்துச் சிங்கள ஊர்களுக்கும் இதே தண்ணீர்தான், இதே வயல் மருந்துதான், அங்கேயும் ஆய்வுகூடத்து ஆங்கிலத் தாள் யாருக்கும் விளங்குவதில்லை. கிண்ணியாவில் ஒரு ராத்தா தங்கள் ஊர் முடிவுகளை விளக்கிச் சொல்லும்போது பார்த்திருக்கிறேன், கிணற்று இலக்கம் சொல்லாமல் "பள்ளிக்குப் பின்னால உள்ளது" என்பார், எல்லாருக்கும் உடனே விளங்கிவிடும். இப்போது நாங்களும் ஊர் வரைபடத்தை அப்படித்தான் கீறுகிறோம்.

சிறுநீரகம். எந்தக் கூட்டத்திலும் இந்தக் கேள்வி வந்தே தீரும், "இந்தத் தண்ணி குடிச்சாக் கிட்னி போகுமா?" வடமத்திய மாகாணத்தில் 1990களில் இருந்து பேசப்படுகிற காரணம் தெரியாத சிறுநீரக நோய் பதவிசிறிபுர போன்ற எங்கள் மாவட்டத்து எல்லைப் பகுதிகளிலும் இருக்கிறது. கடின நீர், புளோரைட்டு, பூச்சிமருந்து, வெயிலில் நீரிழப்பு என்று பலதைச் சொல்கிறார்கள், ஒரே காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. ஒரு கிணற்றின் சோதனை முடிவை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதை அப்படியே சொல்லிவிடுங்கள். பயத்துக்குப் பதில் இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், இந்த இரண்டு சோதனையையும் அரச வைத்தியசாலையிலோ சுகாதார முகாமிலோ செய்யச் சொல்லுங்கள், வயலில் நிற்கிறவர் தண்ணீர் போதுமான அளவு குடிக்கச் சொல்லுங்கள். இந்த முடிவு கிணற்று முடிவை விட இரகசியம். கலியாணப் பேச்சு நின்றுபோன வீடுகள் உண்டு.

பெரிய திட்டங்கள் வருகிறபோது நேரம்தான் எதிரி. சம்பூரில் 500 மெகாவோற் அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்ட காலத்தில் அந்த மண்ணின் மக்கள் பலர் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் என்று முகாம்களில் இருந்தார்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 வேலை நாள் கொடுப்பார்கள், அறிக்கையோ தலையணைத் தடிப்பு. சாம்பல் எங்கே போகும், சூடான தண்ணீர் கொட்டியாரக் குடாவில் எங்கே விழும், அந்த இடத்தில் யார் வலை போடுகிறார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த நிலையத்துக்கு எதிரான வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போய், 2016 செப்டெம்பரில் அந்த நிலையம் கட்டப்படாது என்று அரசு சொன்னது எல்லாருக்கும் தெரியும். அடுத்த திட்டம் வரும்போது கருத்துச் சொல்கிற காலம் தொடங்கிய பிறகு ஆள் தேடக் கூடாது, இப்போதே மண்ணியல் தெரிந்த ஒருவர், சட்டம் தெரிந்த ஒருவர், கடற்றொழில் தெரிந்த ஊர்க்காரர் ஒருவர் என்று பேசி வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் நச்சுக்கழிவு இடங்களுக்கு அருகே வாழ்கிற ஊர்க்குழுக்கள் தங்களுக்கென்று ஒரு நிபுணரைத் தாங்களே அமர்த்திக்கொள்ள 50,000 டொலர் வரை கொடுக்கும் ஏற்பாட்டை 1986இல் சட்டத்திலேயே வைத்தார்கள். நிபுணர் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! எங்களிடம் அப்படி ஒரு நிதி இல்லை, ஆனால் அந்த ஒழுங்கை நாங்கள் கடைப்பிடிக்கலாம்: போகிற பஸ் காசு யார் தந்தாலும், முடிவு முதலில் சங்கத்துக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. இதற்கு ஒத்துக்கொள்ளாத ஆய்வாளரை மாதிரி எடுக்க விடாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள், ஒரு பக்கம் போதும்.

இந்தத் தாள்களை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். சங்கச் செயலாளர் மாறும்போது கோவை காணாமல் போகும், அது ஊருக்கு ஊர் நடக்கிறது. பிரதி ஒன்று சங்கத்தில், ஒன்று கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்தில், ஒன்று படித்த பிள்ளை ஒருவரின் போனில் படமாக. சீல் விழுந்த கடிதங்கள் மேலே, முடிவுகள் நடுவில், கொப்பிகள் கீழே. புது நிர்வாகம் வரும்போது கணக்குப் புத்தகத்தோடு இதையும் கையளித்ததாகக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும்.

குச்சவெளிக் குடியிருப்பில் இந்த முறை ஐப்பசி மழை விழுமுன் ஒரு தடவை, தை பிறந்து தண்ணீர் வடிந்த பிறகு ஒரு தடவை அதே கிணறுகளில் எடுக்கிறார்கள். கயிறும் படிவமும் அவர்களிடமே இருக்கிறது, போத்தலுக்கு ஆய்வுகூடத்தில் சொல்லியாயிற்று, பெட்டியைப் பட்டினத்துக்குக் கொண்டு வருவது இரண்டு தங்கச்சிமாரின் பொறுப்பு. நான் போகத் தேவையில்லை என்றார்கள், முடிவுத் தாள் வந்ததும் நைத்திரேற்று வரியை மட்டும் ஒருக்கால் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள்.